கத்தரி

ஜூலையில் கோத்தகிரியில் பசை காயாது.
மைதாவில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காய்ச்சி
நேற்று ராத்திரி ஒட்டிய பேருந்து
விடிவதற்குள் அரை அங்குலம் சரிந்திருக்கிறது.
போகட்டும், மேட்டுப்பாளையம் வண்டிதானே,
இறங்கட்டும்.

அதன் உடம்பெல்லாம் பயணச்சீட்டு.
வெளிர்சிவப்பு, வெளிர்பச்சை,
ஒன்றிரண்டில் நடத்துநரின் எச்சில் விரல்.
சக்கரம், தலைவலி மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள்.
ஜன்னலோரம் தூங்கும் கனத்த மனிதர்
எங்கள் பழைய மின்வாரிய அட்டை.
கன்னத்தில் இருநூற்றுப் பத்து யூனிட்.

என் வீட்டில் எந்தக் காகிதத்துக்கும் உயிருக்கு உத்தரவாதமில்லை.
எதிர்வீட்டு ஞானப்பிரகாசம் மகளின் கல்யாணப் பத்திரிகை,
நல்ல மெரூன் அட்டை,
வந்த அன்றே காட்டெருமையாகிவிட்டது.
முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று
அன்றைக்கு விடியற்காலையில்
அதன் வயிற்றில் டார்ச் அடித்துப் படித்தோம், நானும் அவரும்.
ஆறிலிருந்து ஏழரை.
மண்டபத்தின் பெயர் மட்டும்
கொம்பு வெட்டும்போது போயிருந்தது.
மேளச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

பதினோராம் பக்கம் மூடுபனி.
வர்க்கி சுற்றி வந்த பட்டர் பேப்பர்.
எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் பின்னால் இருப்பது தெரியும்:
ஒரு தபால்பெட்டி,
ஒரு நாயின் பின்பாதி.
சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் கேட்கிறார்,
"அச்சுப் பிழை மாதிரி இருக்கே மேடம்,
கொஞ்சம் நீலவானம் வைக்கலாமா?"
இருக்கிறது என்னிடம் நீலம்,
துணி சோப்பின் உறை, கண் கூசும் நீலம்.
அதை ஜனவரிக்கு வைத்திருக்கிறேன்.

பதினான்கு, தேயிலைத் தோட்டம்.
பச்சைக்கா பஞ்சம்?
பினாயில் லேபிள், ரீசார்ஜ் கடை நோட்டீஸ்,
சீட்டுக் கம்பெனிக் காலண்டரில் சாமிக்குப் பின்னால் இருந்த காடு.
வரிசை வரிசையாக ஒட்டி நடுவில் ஒரு பெண்ணை நிறுத்தினேன்.
தலையிலிருந்து தொங்கும் கூடை,
விரல் நுனியில் ரெண்டு இலை, ஒரு மொட்டு.
அழகாகத்தான் வந்தது.
அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாடி வீட்டு லிடியா, ஒன்றாம் வகுப்பு,
பசைக் கிண்ணத்தில் விரலை விட்டபடி,
"இது யாரு?"
"உங்கம்மா மாதிரி ஒருத்தங்க."
"அப்ப கத்தரி எங்க?"

புஷ்பராணி விரலால் கொழுந்து கிள்ளி
எத்தனை வருஷமாச்சு.
இப்போதெல்லாம் கத்தரிதான்,
அதன் மேலேயே தைத்த பை,
சடக் சடக்கென்று நாள் முழுக்க.
முட்டிவரை கம்பூட்ஸ், இடுப்பில் யூரியா சாக்கு.
ராத்திரியில் மணிக்கட்டுக்குத் தைலம்,
அந்த வாசனை மரப்பலகைத் தரை வழியே
என் மேசைக்கு இறங்கும்.
நானும் நாள் முழுக்கக் கத்தரி பிடிக்கிறவள்.
அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு
ஒரு மொட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

முழங்கை வரை உரித்தேன்.
பசை காயாத ஊரில் இது ஒரு வசதி.
காபித்தூள் பொட்டலத்தின் உள்பக்க வெள்ளியில்
கத்தரியைக் கத்தரியால் வெட்டினேன்.
கூடையைக் கழற்றிய இடத்தில்
தலைமுடி கொஞ்சம் கிழிந்தது,
அதன் மேல் ஒரு துண்டைக் கட்டிவிட்டேன்.
கம்பூட்ஸுக்குக் கறுப்பு தேடினோம்.
அவருடைய முழங்கால் எக்ஸ்ரே கிடைத்தது.
"பூட்ஸுக்குள்ள எலும்பு தெரியுது."
"தெரியட்டும்."

ஆறு மணிக்கு மகளைக் கூப்பிட வந்தவள்
செருப்பைக் கழற்றாமல் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தாள்.
அது யாரென்று கேட்கவில்லை.
கத்தரியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.
"ரெண்டு பூட்ஸும் இடது காலா இருக்கே" என்றாள்.

இருந்தது.

காலையில் ஒன்றை உரித்துத் திருப்பி ஒட்ட வேண்டும்.
எப்படியும் காய்ந்திருக்காது.